தட்டச்சுப் பொறியின் முன்னால் இருப்பவள்
லெயா பூலின் ‘அம்போர்த்-முவா’ பற்றிய விமர்சனங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஒரு திரைப்படத்தைப் பற்றி எழுதப்படுபவை, எழுதியவர்கள் எங்கே நின்றுகொண்டு அதைப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. லெயா பூல் நெறிப்படுத்திய ‘அம்போர்த்-முவா’ (1999) இதற்கு நல்ல உதாரணம். கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசப்பட்டுவரும் மொன்றியல் படம் இது. 1999இல் பேர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. நாயகியாக நடித்த கரீன் வனாஸ், பதின்ம வயதிலேயே, 2000இல் கியூபெக்கின் ஜூத்ரா விருதைச் சிறந்த நடிகைக்காகப் பெற்றார். இந்தப் பாராட்டுக்கள் நியாயமானவை. ஆனால் பாராட்டியவர்களின் கண்ணில் படத்தின் நடுவே கிடக்கும் ஒரு மேசையும் அதன்மேலுள்ள தட்டச்சுப் பொறியும் சரியாகப் படவில்லை என்பதே என் கட்சி. அகதிகளாகிய எமக்கு, அதிலும் எழுதுகின்ற அகதிகளுக்கு, அது மிகவும் பரிச்சயமான மேசை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலம் 1963. ஹன்னாவுக்குப் பதின்மூன்று வயது. விடுமுறைக்குக் கிராமத்தில் பாட்டி வீட்டுக்குப் போன இடத்தில் பெரியபிள்ளையாகிறாள். பின்னர் மொன்றியலுக்குத் திரும்புகிறாள். தந்தை போலந்து யூதர். பேரழிவில் தப்பி வந்தவர். எந்த நாட்டுக்கும் உரியவரல்லாத அகதி. எழுத்தாளனாக வேண்டும் என்ற தாகம் அவரை விட்டபாடில்லை. எந்த வேலையிலும் தரிக்கவும் மாட்டார். தாய் கியூபெக் கத்தோலிக்கப் பெண். பகலில் தையல் வேலை. இரவில் கணவர் எழுதியவற்றைத் தட்டச்சுச் செய்து கொடுப்பது இன்னொரு வேலை. இருவரும் திருமணம் செய்தவர்களல்லர். ஹன்னாவுக்குப் போல் என்றொரு சகோதரன், லோறா என்றொரு பாடசாலைத் தோழி. லோறாமீது ஹன்னாவுக்குக் காதல். சகோதரனுக்கும் அவள்மீது ஈர்ப்பு. ஒருநாள் சினிமாக் கொட்டகையில் ஹன்னா கோடார்டின் ‘விவ்ர் ச வி’ (1962) படத்தைப் பார்க்கிறாள். அனா கரினா நடித்த நானா என்ற பாத்திரம் அவளைப் பிடித்துக்கொள்கிறது. தான் செய்வதற்கெல்லாம் தானே பொறுப்பு என்ற நானாவின் எண்ணத்தை இந்தச் சிறுமியும் சுமந்து திரிகிறாள். தாய் உடைந்து வீழ்கிறாள். ஹன்னா வீட்டை விட்டு அலைகிறாள். கடைசியில், நானாவின் சாயலுள்ள ஆசிரியை ஒருத்தி அவள் கையில் ஒரு சிறிய சினிமாக் கமராவைக் கொடுக்கிறாள்.

இக்கதையை விமர்சகர்கள் மூன்று விதமாக வாசித்துள்ளனர். முதலாவது வாசிப்பு இதனை வளரிளம் பருவக் கதையாகக் கொள்கிறது. த்ரூபோவின் ‘நானூறு அடிகள்’ (1959) படத்துச் சிறுவனுக்கு ஒரு தங்கை கிடைத்துவிட்டாள் என்கிறது. இரண்டாவது, சினிமாவைப் பற்றிய சினிமாவாக, கோடார்டுக்குச் செலுத்தப்பட்ட வணக்கமாகப் பார்க்கிறது. நானா தன் படத்தில் ட்ரேயரின் ‘ஜோன் ஒவ் ஆர்க்’ (1928) பார்த்து அழுகிறாள். ஹன்னா நானாவைப் பார்க்கிறாள். நாம் ஹன்னாவைப் பார்க்கிறோம். கண்ணாடிக்குள் கண்ணாடி. மூன்றாவது பெண்ணிலைவாத வாசிப்பு: பெண்ணொருத்தி எடுத்த, பெண்ணொருத்தியின் பார்வையும் காமமும் பற்றிய படம். ‘லா ஃபாம் தெ லோத்தெல்’ (1984), ‘ஆன் ட்ரிஸ்ரர்’ (1986) ஆகிய படங்களிலிருந்து பூல் தொடர்ந்து வந்த பாதையில் இதுவும் ஒரு நிறுத்தம் என்பது அவர்களது கருத்து.

மூன்றும் பிழையான வாசிப்புகளல்ல. மூன்றாவதற்கு நான் மிகவும் கடன்பட்டவன். ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. தந்தை யூத அகதி, தாய் தையற்காரி என்ற விபரங்களை முதற் பந்தியில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அவற்றைப் பின்னணி என்று ஒதுக்கிவிட்டு, சிறுமியின் முகத்துக்குத் தாவிவிடுகின்றன. அந்த முகம் அப்படித் தாவவைக்கக்கூடிய முகந்தான். ஆனால் பின்னணி என்று ஒதுக்கப்பட்டதில்தான் அம்முகத்தின் காரணங்கள் இருக்கின்றன.

தலைப்பிலிருந்தே பார்க்கலாம். பிரெஞ்சுத் தலைப்பின் பொருள் ‘என்னைக் கொண்டுபோ’ என்பது. ஆங்கிலத்தில் படம் வெளியானபோது அது ‘என்னை விடுவி’ என்றாகியது. சிறிய மாற்றமாகத் தோன்றும். கொண்டுபோ என்று கேட்பவளுக்குப் போவதற்கு ஓர் இடமும் கூட்டிப்போவதற்கு ஓர் ஆளும் வேண்டும். விடுவி என்று கேட்பவளுக்குச் சங்கிலி அறுந்தாற் போதும். ஆங்கில வாசிப்பு தலைப்பிலேயே ஹன்னாவைத் தனியொருத்தியாக்கி, குடும்பத்தைச் சிறையாக்கிவிட்டது. படத்திலுள்ள ஹன்னாவோ குடும்பத்தை விட்டு ஓட விரும்புபவளல்லள். தாயைத் தேடி அலைபவள் அவள். விடுதலை என்ற சொல்லோடு நெடுங்காலம் வாழ்ந்த நமக்கு இந்த வேறுபாடு விளங்காமற் போகாது.

இனி அந்தப் ‘பின்னணி’க்கு வருவோம். பாடசாலையில் ஹன்னாவிடம் சமயம் என்னவென்று கேள்வி எழுகிறது. யூத அடையாளம் தாய்வழி வருவது. அவளது தாயோ கத்தோலிக்கர். ஆகவே அவள் யூதப் பெண்ணுமல்ல, முழுமையான கத்தோலிக்கப் பெண்ணுமல்ல. இக்காட்சியைப் பலர் அடையாளச் சிக்கல் என்ற சொல்லால் கடந்து போய்விடுகின்றனர். 1963இன் கியூபெக்கில் இது மனச்சிக்கல் மாத்திரமல்ல, நிர்வாகச் சிக்கலும்கூட. அங்கு பொதுப் பாடசாலைகள் கத்தோலிக்கச் சபைகளின் கீழும் புரட்டஸ்தாந்துச் சபைகளின் கீழுமே இயங்கின. மொழிவாரிச் சபைகள் அவற்றின் இடத்துக்கு வந்தது 1998இல், அதாவது இப்படம் வெளிவருவதற்குச் சற்று முன்னர். ஒரு பிள்ளை எந்தச் சமயத்தின் பிள்ளை என்பது பதிவேட்டில் நிரப்பப்படவேண்டிய கட்டம். அதேபோல, கியூபெக்கில் சிவில் திருமணத்துக்குச் சட்டம் வந்தது 1968இல். அதற்கு முன்னர் திருமணம் என்றால் அது ஏதாவதொரு மதகுருவின் முன்னால்தான். ஒரு யூத ஆணுக்கும் கத்தோலிக்கப் பெண்ணுக்கும், இருவரில் ஒருவர் பணியாதவிடத்து, சட்டத்துள் இடமில்லை. இவர்கள் மணமுடிக்காதிருப்பதைப் பார்வையாளர் கவிஞனின் கட்டற்ற வாழ்க்கை என்று எண்ணிக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படி எண்ணுவது கடினம்.

பூலின் சொந்த வாழ்க்கையும் இதனருகே வருகிறது. அவர் சுவிற்சர்லாந்தில் 1950இல் பிறந்தவர். தந்தை போலந்து யூதர், நாடற்றவர். பூல் என்ற பெயர் தாயின் பெயர். 1975இல் மொன்றியலுக்கு வந்தார். படத்தின் பயணமும் விசித்திரமானது. கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு இது. 1963இன் மொன்றியலைப் பற்றிய இந்தப் படத்தை ஒஸ்காரின் பிறமொழிப் பிரிவுக்கு அனுப்பியது சுவிற்சர்லாந்து! எங்கும் முழுதாகச் சேராத ஒரு சிறுமியைப் பற்றிய படத்துக்கு மூன்று கடவுச்சீட்டுகள் கிடைத்தன.

நாடற்றவர் என்ற சொல்லை நாம் தமிழில் புதிதாகத் தேடவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோதே அச்சொல் நம்மிடம் வந்துவிட்டது. 2003இல் இயற்றப்பட்ட சட்டத்தோடுதான் அந்த நிலை பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் கடிதாசி இல்லாத மனிதன் தன் வீட்டுக்குள் எப்படி ஆகிவிடுகிறான், அவன் கோபம் யார்மீது இறங்குகிறது, அவனுடைய மகள் அதை எந்த வயதில் விளங்கிக்கொள்கிறாள் என்று நமது இலக்கியம் எவ்வளவு எழுதியிருக்கிறது? யாழ்ப்பாணத்து விமர்சன மரபு, நான் படித்ததும் படிப்பித்ததுமான மரபு, மலையகத்தை உழைப்பின் கதையாக வாசித்த அளவுக்கு வீட்டின் கதையாக வாசித்ததில்லை.

கோடார்ட் வாசிப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பதின்மூன்று வயதுப் பெண் மொன்றியல் கொட்டகையொன்றில் இருப்பது பாரிசில் இருப்பது போன்றதல்ல. 1927 ஜனவரி 9ஆம் திகதி இந்நகரின் லோறியே பலஸ் திரையரங்கில் ஏற்பட்ட தீயினால் 78 பிள்ளைகள் இறந்தனர். அடுத்த ஆண்டு, பதினாறு வயதுக்குட்பட்டோர் சினிமாக் கொட்டகைக்குள் போகக்கூடாதென்று சட்டம் வந்தது. நெருப்புக்குப் பயந்து வந்த சட்டத்துக்குள் சினிமாவைப் பற்றிய திருச்சபையின் பழைய பயமும் புகுந்துகொண்டது. அந்தத் தடை 1961வரை நீடித்தது. ஆக, 1963இல் திரையின் முன்னால் அமர்ந்திருக்கும் ஹன்னா, ஒரு தலைமுறைக்கு மூடப்பட்டிருந்த கதவு திறந்து சிறிது காலத்தில் உள்ளே போனவள். ‘வணக்கம்’ என்று சொல்லிவிட்டால் அந்தக் கதவு மறைந்துபோகும்.

இன்னொரு வாசிப்பு முறையும் உண்டு. இந்தப் படத்துக்கு அது அதிகம் பொருத்தப்படவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. துன்புறும் சிறுமியைத் தேசத்தின் உருவமாக வாசிப்பது கியூபெக் விமர்சனத்தின் பழைய வழக்கம். சிற்றன்னையின் கொடுமையால் 1920இல் இறந்த ஓறோர் என்ற சிறுமியின் கதை 1952இல் படமாகி, கியூபெக் முழுவதையும் அழவைத்தது. அடிவாங்கும் அப்பிள்ளையில் தமது சமூகத்தையே பலர் கண்டனர். மான்கியெவிச்சின் ‘லே போன் டெபரா’ (1980) வந்த ஆண்டு, கியூபெக்கின் முதலாவது இறைமை வாக்கெடுப்பு நடந்த ஆண்டு. தாயை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும் பதின்மூன்று வயது மனோனை அரசியலோடு சேர்த்து வாசிக்கும் ஆசை எழாதிருக்க நியாயமில்லை. ஹன்னாவை அப்படி வாசிக்க முடியவில்லை. எந்தத் தேசத்தின் உருவமாக்குவது? அவள் எந்தப் பதிவேட்டிலும் முழுதாக இல்லையே.

நமக்கும் இது தெரிந்த வியாதிதான். தமிழ்த் திரையில் குழம்பித் தவிக்கும் இளம்பெண் ஒருத்தி வந்தவுடன் அவள் யாருடைய பெண் என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. வர்ஷா பரத் எடுத்த ‘பேட் கேர்ள்’ படத்தின் முன்னோட்டம் 2025 ஜனவரியில் வெளியானபோது என்ன நடந்தது? படத்தை எவரும் பார்ப்பதற்கு முன்னரே, ஒரு பிராமணப் பெண்ணை இப்படிக் காட்டலாமா என்ற சண்டை மூண்டது. அதே படம் ரொட்டர்டாம் விழாவில் நெட்பக் விருதைப் பெற்றது. தயாரிப்பாளரின் சாதி, நெறியாளரின் சாதி, நாயகியின் சாதி எல்லாம் அலசப்பட்டன. அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்ற கேள்வி வரிசையில் கடைசியாக நின்றது. ஈழத்து அரசியலுக்குள் வந்தால், சாதியின் இடத்தில் இனம் நிற்கும். விசாரணையின் வடிவம் ஒன்றுதான்.

கடந்த மாரியில், நண்பர் ஒருவர் வீட்டு பேஸ்மன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ‘அம்போர்த்-முவா’ பார்த்தோம். அனைவரும் ஏதோவொரு காலத்தில் எழுதியவர்கள், சஞ்சிகை நடத்தியவர்கள். படம் முடிந்ததும் ஒருவர், “இது பிள்ளையள் கெட்டுப்போறதுக்கு வழி காட்டுற படம்” என்றார். இன்னொருவர், அவர் மார்க்சியர், “வர்க்கப் பார்வை இல்லாத மத்தியதர வர்க்கப் புலம்பல்” என்றார். மூன்றாமவர் கோடார்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினார், நன்றாகவே பேசினார். எங்களில் எவரும் தாயைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்காரரின் மகள், பதினாறு வயதிருக்கும், படிக்கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். 1977இன் மொழிச் சட்டத்துக்குப் பின்னர் நம் பிள்ளைகள் இங்கே பிரெஞ்சில் படிப்பவர்கள். எங்களுக்கு ஆங்கில எழுத்து வேண்டியிருந்த வசனங்கள் அவளுக்கு நேரடியாகவே கேட்டன. அவள் கேட்டாள்: “மாமா, அந்த அம்மா அவர் எழுதினதையெல்லாம் ரைப் அடிக்கிறாவெல்லோ. அவவுக்கு அது பிடிச்சதோ எண்டு ஆராவது கேட்டவையோ?”

நான் படித்த விமர்சனங்கள் எதிலும் இல்லாத கேள்வி இது. மார்க்சிய நண்பர் தேடிய வர்க்கமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. மொன்றியலின் ஆடைத்தொழில் பெண்களின் முதுகில் எழுந்தது. 1937இல் சுமார் 5,000 தையற்பெண்கள், யூதப் பெண்களும் பிரெஞ்சுப் பெண்களும் சேர்ந்து, இந்நகரில் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் வேறு நாட்டுப் பெண்கள் அந்தக் கதிரைகளுக்கு வந்தனர். சபனெல் தெருவின் தொழிற்சாலைகளில் நமது பெண்களும் தைத்தார்கள். ஹன்னாவின் தாய் அந்த நீண்ட வரிசையில் ஒருத்தி. பகலில் அவளது கைகள் முதலாளிக்கு. இரவில் அதே கைகள் இலக்கியத்துக்கு. இரண்டாவது வேலைக்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. மறுக்கவும் முடியாது, ஏனெனில் அது அன்பின் பெயரால் கேட்கப்படுகிறது.

நான் இப்போது பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லைனில் நிற்பவன். பஸ்கால் பூசியேரின் நடிப்பில் விமர்சகர்கள் மனச்சோர்வைக் கண்டார்கள். நான் அதற்கு முன்னதாக உடற்சோர்வைக் கண்டேன். எட்டு மணிநேரம் ஒரே அசைவைச் செய்த தோள்கள் வீட்டுக்கு வந்து இன்னொரு ஒரே அசைவுக்குள் இறங்கும்போது எப்படி இருக்கும் என்பதை அவர் அறிந்து நடித்திருக்கிறார். மனம் உடைவதற்கு முன்னர் உடம்பு பலதடவை அறிவித்தல் கொடுக்கிறது. அதைக் கவனிப்பவள் மகள் ஒருத்திதான்.

தந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. படமும் அதைச் செய்யவில்லை. மிக்கி மனோய்லோவிச்சின் முகத்தில் கொடுமையும் அவமானமும் ஒரே கணத்தில் வந்துபோகின்றன. கற்றதெல்லாம் செல்லாக்காசாகிப்போன நாட்டில், எழுதுவது ஒன்றே தான் இன்னமும் மனிதன் என்பதற்குச் சாட்சி என்று நம்புகிறவர் அவர். அந்த நம்பிக்கையைப் பரிகசிக்க நம்மில் யாருக்கும் தகுதியில்லை. ஆனால் நம்பிக்கைக்கும் ஒரு செலவுண்டு, அச்செலவை இன்னொருவர் கட்டுகிறார் என்பதைப் படம் கணக்கில் வைத்திருக்கிறது. பரிவும் கணக்கும் ஒரே சட்டகத்தில் இருப்பதே இப்படத்தின் பெருமை என்று நான் கருதுகிறேன்.

குறையும் உண்டு. ஆசிரியை கமராவைக் கொடுப்பதோடு வழி பிறந்துவிடுகிறது என்ற தோற்றம் முடிவில் ஏற்படுகிறது. கலை மனிதரைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையின்கீழ்த்தானே அந்த வீடு நசுங்கியது? தந்தையின் பேனா செய்யாததை மகளின் கமரா எப்படிச் செய்யும்? நெடுநாள் இக்கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது எனக்குத் தோன்றும் பதில் அரைப் பதில்தான். தந்தையின் எழுத்துக்குத் தாய் ஒரு கருவி. மகளின் கமராவோ தாயை நோக்கித் திரும்புகிறது. அந்த வீட்டில் யாரும் நின்று பார்க்காத ஒருத்தியைப் பார்க்கிறது. ஆனாலும் கையில் கமரா கிடைக்காத ஹன்னாக்களுக்குப் படத்திடம் பதிலில்லை. நான்சி ஹூஸ்ரன் போன்ற நாவலாசிரியை திரைக்கதையில் பங்கேற்று, அந்த ஆசிரியையாகவும் நடித்திருக்கிறார். அத்தகைய ஆசிரியை எத்தனை பேருக்கு வாய்ப்பார்?

இதையெல்லாம் இந்தச் சஞ்சிகையில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. புலம்பெயர் சிறுசஞ்சிகைகளின் வரலாற்றை எழுதும்போது ஆசிரியர் குழுக்களையும் பிளவுகளையும் கோட்பாட்டு விவாதங்களையும் எழுதுகிறோம். பாமினி எழுத்துருவில் இரவிரவாகத் தட்டியவர்கள் யார், படி திருத்தியவர்கள் யார், தபாலுறைகளில் விலாசம் எழுதியவர்கள் யார், அச்சகத்துக்குப் பணம் போதாதபோது யாருடைய தையற்கூலியிலிருந்து அது போனது என்பதையெல்லாம் கடைசிப் பக்கத்தில் ‘நன்றி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். பெண்ணிலைவாதம் பற்றி நாம் வெளியிட்ட சிறப்பிதழ்களையும் யாரோ ஒருத்தி தட்டச்சுச் செய்திருக்கிறாள்.

எனவே இரண்டு யோசனைகளை விவாதத்துக்கு முன்வைக்கிறேன். அடுத்த இதழிலிருந்து தட்டச்சு, படிதிருத்தம், விநியோகம் ஆகியவற்றைச் செய்தவர்களின் பெயர்கள், அவர்கள் சம்மதித்தால், ஆசிரியர் குழுவின் பெயர்களோடு ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் வரட்டும். இரண்டாவது, இங்கு பிறந்து வளர்ந்த பெண்பிள்ளைகளிடம் இந்தப் படத்தைப் பற்றி எழுதித் தரும்படி கேட்போம். பிரெஞ்சில் எழுதினால் பிரெஞ்சிலேயே வாங்கி, நாம் மொழிபெயர்ப்போம். இதுவரை வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் அவர்கள்தான் நமக்கு மொழிபெயர்த்துத் தந்திருக்கிறார்கள். படிக்கட்டில் இருந்தவளிடம் நான் கேட்டுவிட்டேன். பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றிருக்கிறாள்.